சொந்தப் பாட்டைக் குறைந்த செலவில் மாஸ்டர் செய்து வெளியிடுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக் கலைஞர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரெக்கோர்டிங் முடிந்து மிக்ஸும் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்த கோப்பு) கையில் வந்ததும் "மாஸ்டரிங்குக்கு எவ்வளவு எடுப்பார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மாஸ்டரிங் என்பது அந்த மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசி ஒலித் திருத்தம். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பாட்டுக்குப் பத்து டொலர் கிடைத்தால் அது எந்த வழியாகக் கல்லடியிலோ கல்முனையிலோ உள்ள உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்? இதற்கு விடை தெரியாமல் பாட்டை ஏற்றிவிட்டால், காசு திரையில் தெரியும், கைக்கு வராது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

காசு திரும்பி வரும் வழி

ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் போன்றவற்றில் தனி ஆளாக நேரே பாட்டை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். இவை மூன்று வகையாகக் காசு எடுக்கின்றன.

முதலாவது ஆண்டுச் சந்தா. டிஸ்ட்ரோகிட் இப்படித்தான்: ஆண்டுக்கு ஏறத்தாழ 25 டொலர், எத்தனை பாட்டும் ஏற்றலாம், வருமானத்தில் பங்கு கேட்பதில்லை. ஆனால் சந்தாவை நிறுத்தினால் பாட்டுகள் ஸ்பொட்டிஃபை போன்ற கடைகளிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் இருக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள்: அதன் மிகக் குறைந்த சந்தாவில் வெளியீட்டுத் திகதியை நீங்கள் தெரிவு செய்ய முடியாது. திருவிழாவுக்கோ பெருநாளுக்கோ பாட்டு விடுகிறவருக்கு இது பெரிய குறை.

இரண்டாவது, வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு 10 டொலர் அளவில் வாங்கிக்கொண்டு, வருமானத்தில் 9 சதவீதம் எடுக்கிறது. பிறகு ஆண்டுதோறும் கட்டத் தேவையில்லை. மூன்றாவது இலவசம். ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் ஏற்றுவதற்குச் செலவில்லை, வருமானத்தில் 15 சதவீதம் அவர்களுக்கு. ஆனால் 50 டொலர் சேரும்வரை காசு வெளியே வராது.

ஆண்டுக்கு ஒரு பாட்டு, அதிகம் போனால் இரண்டு என்றால் ஒருமுறைக் கட்டணம்தான் சரி. நான்கைந்து பாட்டுக்கு மேல் என்றால் சந்தா இலாபம். முதல் பாட்டு, கையில் காசில்லை என்றால் இலவசத் திட்டத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலைகள் மாறுகிறவை, சேரும் அன்று விலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இப்போது முக்கியமான இடம். இலங்கையில் திறந்த பேபால் கணக்கால் காசு கட்டலாம், ஆனால் வெளியிலிருந்து பெற முடியாது என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவரும் நிலை. பேபாலை மட்டும் நம்பியிருக்கும் நிறுவனத்தில் சேர்ந்தால் அங்கேயே முட்டி நிற்க வேண்டிவரும். வெளிநாட்டுக் காசைப் பெற உதவும் இணையச் சேவையான பேயோனியரில் இங்கே கணக்குத் திறக்கலாம், அதிலிருந்து உள்ளூர் வங்கிக்கு மாற்றலாம். சேருவதற்கு முன் அந்த நிறுவனத்தின் காசு எடுக்கும் பக்கத்தைத் திறந்து மூன்று விடயம் பாருங்கள்: இலங்கை பட்டியலில் இருக்கிறதா, பேயோனியரோ நேரடி வங்கி மாற்றமோ உண்டா, குறைந்த தொகையும் ஒருமுறைக்கான கட்டணமும் எவ்வளவு. மாதம் மூன்று டொலர் வரும் பாட்டுக்கு, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் பெரிய கட்டணம் வெட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பதே புத்தி.

கணக்கில் உள்ள பெயர், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயர் முதலெழுத்தாகவும் முழுப் பெயராகவும் மாறி மாறி வருவதால் இங்கேதான் பலருக்குச் சரிபார்ப்பு தடைப்படுகிறது.

அமெரிக்க நிறுவனமானால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். அமெரிக்கக் கேட்போரிடமிருந்து வரும் வருமானத்தில், படிவம் இல்லாவிட்டால் 30 சதவீதம் வரை பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி இலக்கத்தை அதில் எழுதினால் குறைந்த வீதம் கோரலாம். ரொரன்ரோவில் இருக்கும் மாமாவின் பெயரில் கணக்குத் திறப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் சட்டப்படி அது அவருடைய வருமானம், வரியும் அவர் தலையில்.

வங்கி டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு முடக்கப்பட்டிருந்தால் முதலில் வங்கியைத் தொடர்புகொண்டு அதைத் திறந்துகொள்ளுங்கள். பணம் கட்டும் கடைசிப் படியில் மறுபடி மறுபடி தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிக்ஸைத் திருத்தாமல் மாஸ்டரிங்கைத் தொடவேண்டாம்

மாஸ்டரிங் என்பது சத்தத்தை 6 முதல் 10 டெசிபல் வரை தூக்குகிற வேலையும்தான். தூக்கும்போது பாட்டோடு சேர்ந்து குப்பையும் எழும்பும். நம் பக்கத்தில் அந்தக் குப்பைக்குப் பெயர் இருக்கிறது: மின்விசிறி. வெக்கையில் விசிறியை நிறுத்தாமல் பாடிய குரல் மிக்ஸில் கேட்க நன்றாக இருக்கும். 8 டெசிபல் தூக்கியதும் வரிகளுக்கு இடையே காற்று இரையும். மாரியில் தகரக் கூரையில் விழும் மழையும், வெள்ளக் காலத்துத் தவளையும் அப்படியே. பாடாத இடங்களை வெட்டி, வெட்டிய முனைகளில் 10 முதல் 20 மில்லிசெக்கன் ஃபேட் (சத்தம் மெல்ல எழும்பி அடங்குவது) போடுங்கள். இரைச்சல் நீக்கியைக் குரல்மேல் அழுத்திப் போட்டால் "ஸ", "ஷ" எல்லாம் தண்ணீருக்குள் பேசுவது போலாகிவிடும். ஒரு தடவை விசிறியை நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடுவது அதைவிட மலிவு.

"ம்ம்ம்" என்ற அடித்தொனி இருந்தால் அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்; வீட்டு மின்சாரத்தின் குரல். லப்டொப் சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ரெக்கோர்ட் செய்து பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

மாஸ்டருக்கு எடுக்கும் மிக்ஸ் இப்படி இருக்கட்டும்: வேவ் கோப்பு, 24 பிட், ரெக்கோர்ட் செய்த அதே சாம்பிள் வீதம் (44.1 என்றால் 44.1, 48 என்றால் 48, ஏற்றி இறக்கினால் தரம் கூடாது). உச்சம் மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள். மாஸ்டர் சானலில் லிமிட்டர் (உச்சம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) வேண்டாம். தொடக்கத்தில் சிறு இடைவெளியும், முடிவில் ரிவேர்ப் (எதிரொலி) முழுதாக அடங்கும்வரை இடமும் விடுங்கள். எம்பி3யிலிருந்து மாற்றிய வேவ், பெயரில்தான் வேவ். இழந்தது திரும்பாது.

வீட்டிலேயே செய்தல்

ரீப்பர் மென்பொருளை 60 நாள் முழுதாகப் பரீட்சித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டொலர். பழைய லப்டொப்பிலும் ஓடும். அதில் போட இலவசப் பிளகின்கள் நான்கு போதும்: டிடிஆர் நோவா (ஈக்யூ, தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்க), டிடிஆர் கொட்டெல்னிகொவ் (கொம்பிரசர், சத்தமான இடங்களை அமுக்க), லவுட்மேக்ஸ் (லிமிட்டர்), யூலீன் லவுட்னஸ் மீட்டர் (சத்தத்தை அளக்க). ஐந்தாவதாக ஒன்றைத் தேடி இறக்கும் நேரத்தில் இந்த நான்கைப் பழகுங்கள்.

ஒரு டிராக்கில் உங்கள் மிக்ஸ். இன்னொன்றில், அதே வகையான, நீங்கள் மதிக்கும் ஒரு பாட்டு. காசு கொடுத்து வாங்கிய நல்ல கோப்பாக இருக்கட்டும். காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு லஃப்ஸ்; பூச்சியத்துக்குக் கிட்டவாக வர வரச் சத்தம் கூடும். அந்தப் பாட்டு மைனஸ் 9 லஃப்ஸிலும் உங்கள் மிக்ஸ் மைனஸ் 20 லஃப்ஸிலும் இருந்தால், அந்தப் பாட்டை 11 டெசிபல் இறக்கிவிட்டுத்தான் ஒப்பிடவேண்டும். சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நல்லதாகத் தெரியும். இந்த ஒரு ஏமாற்றத்தைத் தவிர்த்தாலே பாதி மாஸ்டரிங் கற்றாயிற்று.

முதலில் ஈக்யூ. 25 முதல் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அங்கே இசை இல்லை, லிமிட்டரைத் திணறடிக்கும் அதிர்வு மட்டும்தான். குரல் குடத்துக்குள் இருப்பதுபோல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸில் அகலமாக 1 அல்லது 2 டெசிபல் குறையுங்கள். சல்லரி காதைக் கிழித்தால் நோவாவில் அந்தப் பட்டையை டைனமிக்காக்கி, சல்லரி விழும் நொடியில் மட்டும் குறையும்படி வையுங்கள். எந்தப் பட்டையிலும் 3 டெசிபலுக்கு மேல் தேவைப்பட்டால் அது மிக்ஸில் திருத்தவேண்டிய பிழை.

அடுத்தது கொம்பிரசர். விகிதம் 1.5க்கு 1 அல்லது 2க்கு 1, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லிசெக்கன், ரிலீஸ் (விடுவிக்க எடுக்கும் நேரம்) 150 மில்லிசெக்கன் அளவில், எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் ஊசி 2 டெசிபலுக்கு மேல் அசையக்கூடாது. அட்டாக்கை 1 மில்லிசெக்கனுக்குக் கொண்டுபோனால் மத்தளத்தின் முதல் அடி, அந்தத் தோல் வெடிக்கும் சத்தம், மழுங்கிப்போகும். கூத்துப் பாட்டுக்கும் உடுக்கை, பறை உள்ள பாட்டுக்கும் அந்த அடிதான் உயிர். ஐயமிருந்தால் கொம்பிரசரையே எடுத்துவிடுங்கள். இல்லாமலும் நல்ல மாஸ்டர் வரும்.

பிறகு லவுட்மேக்ஸ். வெளியீட்டு எல்லை மைனஸ் 1 டெசிபல், சாம்பிள்களுக்கு இடைப்பட்ட உச்சத்தைப் பிடிக்கும் பொத்தானை இயக்குங்கள். பாட்டில் மிகச் சத்தமான பகுதியை ஓடவிட்டு, திரெஷோல்டை (லிமிட்டர் வேலை தொடங்கும் அளவு) மெல்ல இறக்குங்கள். அடி விழும்போது 2, 3 டெசிபல் குறைந்தால் போதும். 4 தாண்டினால் நில்லுங்கள். ஏன் மைனஸ் 1? ஸ்பொட்டிஃபையும் யூடியூபும் பாட்டைச் சுருக்கும்போது அலையின் உச்சம் மூலத்தைவிடச் சற்று உயர்ந்து வரும். பூச்சியத்தில் முட்டி நிற்கும் கோப்பு அப்போது கரகரக்கும். உங்கள் பாட்டு மைனஸ் 14 லஃப்ஸைவிடச் சத்தமாக இருந்தால் எல்லையை மைனஸ் 2இல் வைக்கும்படி ஸ்பொட்டிஃபையே சொல்கிறது.

எவ்வளவு சத்தம்?

ஸ்பொட்டிஃபை, யூடியூப் இரண்டும் மைனஸ் 14 லஃப்ஸை அளவாக வைத்திருக்கின்றன, அப்பிளின் சவுண்ட் செக் (பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி) மைனஸ் 16 அளவில். கணக்கைப் பாருங்கள். நீங்கள் மைனஸ் 9க்கு நசுக்கிக் கொடுத்தால் ஸ்பொட்டிஃபை 5 டெசிபல் இறக்கி மைனஸ் 14இல் ஓட்டும். உச்சங்கள் இப்போது மைனஸ் 6இல் தொங்கும், நசுங்கிய மத்தளம் நசுங்கியபடியே இருக்கும். பக்கத்தில், மைனஸ் 13க்குச் செய்த பாட்டு வெறும் 1 டெசிபல் இறங்கி, மத்தள அடி அடியாகவே கேட்கும். இரண்டும் ஒரே சத்தம், ஆனால் உங்களுடையது தட்டை.

அதற்காக மைனஸ் 14தான் வேதவாக்கு என்றும் இல்லை. மத்தளமும் குரலும் உள்ள பாட்டுக்கு மைனஸ் 14 முதல் மைனஸ் 12, பீட் போட்ட ராப் பாட்டுக்கு மைனஸ் 11 அல்லது 10 என்று வைத்துக்கொள்ளலாம். யூடியூப் சத்தமானதை இறக்குமே தவிர, மெலிந்ததைத் தூக்காது. எனவே மைனஸ் 18இல் விட்டுவிடவும் வேண்டாம். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு இன்டக்ரேட்டட் (முழுப் பாட்டின் சராசரி) என்ற எண்ணைப் பாருங்கள்; பல்லவியை மட்டும் அளந்தால் பொய் சொல்லும். ரீப்பரின் ரெண்டர் பெட்டியில் (பாட்டைக் கோப்பாக எழுதும் இடம்) டிரை ரன் கொடுத்தால் கோப்பு எழுதாமலே இந்த எண்களைத் தந்துவிடும்.

தொகுப்பாக வெளியிட்டால் ஒவ்வொரு பாட்டையும் ஒரே லஃப்ஸுக்குக் கொண்டுவரப் பார்க்கவேண்டாம். தாலாட்டும் குரவையும் ஒரே சத்தத்தில் வந்தால் கேலியாக இருக்கும். குரல்களின் அளவு பாட்டுக்குப் பாட்டு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேட்டுப் பார்க்கும் இடங்கள்

நல்ல ஸ்டூடியோ மொனிட்டர் இல்லை என்று கவலைப்படவேண்டாம், உங்கள் கேட்போரிடமும் இல்லை. ஒரு கம்பி ஹெட்போன், போனின் சொந்த ஸ்பீக்கர், தெரிந்தவரின் ஓட்டோ, ஒரு வான் அல்லது கார். ஓட்டோவில் எஞ்சின் ஓடும்போது வரிகள் விளங்குகின்றனவா? விளங்காவிட்டால் குரல் 1 டெசிபல் குறைவு. மிக்ஸுக்குப் போய் ஏற்றுங்கள்.

மோனோவில் கேட்பதைத் தவறவிடவேண்டாம். கோயில் திருவிழாவில் கட்டும் புனல் லவுட்ஸ்பீக்கர் மோனோ, தாழ்ந்த ஒலி அதில் வரவே வராது. ரீப்பரின் மாஸ்டர் சானலில் மோனோ பொத்தான் இருக்கிறது. அழுத்தியதும் கோரஸ் குரல்கள் கரைந்துபோனால் யாரோ ஸ்டீரியோ அகலப்படுத்தும் பிளகின் போட்டிருக்கிறார்கள்; கழற்றிவிடுங்கள். பேஸ் கேட்கவில்லை என்று 60 ஹெர்ட்ஸைத் தூக்காமல், அதே பேஸின் 150 முதல் 250 ஹெர்ட்ஸைச் சற்று ஏற்றினால் போனிலும் கேட்கும்.

ஒரே நாளில் முடிக்கவேண்டாம். காது களைத்தால் உயர் ஒலியை ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

தானியங்கியா, ஆளா?

பாண்ட்லாபின் இணைய மாஸ்டரிங் இலவசம். லாண்டர் போன்றவை காசுக்கு. டெமோவுக்கும் பீட் சார்ந்த பாட்டுக்கும் இவை பரவாயில்லை. றபானும் குரலும், அல்லது உடுக்கையும் குரலும் மட்டும் உள்ள பாட்டைக் கொடுத்தால், இல்லாத பேஸைத் தேடித் தாழ்ந்த ஒலியைக் கூட்டிவிடுவதுண்டு. வந்த கோப்பை உங்கள் மிக்ஸோடு சத்தம் சமப்படுத்திக் கேளுங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து ஆளிடம் செய்வித்தால், தொகுப்பில் முதலில் விடப்போகும் ஒரு பாட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அதை மாதிரியாக வைத்து மற்றவற்றை நீங்களே செய்யலாம். எத்தனை தடவை திருத்தித் தருவார், 24 பிட் வேவ் தருவாரா, மிக்ஸில் பிழை கண்டால் சொல்வாரா என்று முன்பே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸ் பிழையைச் சுட்டிக்காட்டுகிற மாஸ்டரிங்காரர்தான் கொடுத்த காசுக்குப் பெறுமதி.

பெயர், அட்டை, இலக்கம்

பாட்டு காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். கலைஞர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருதடவை தீர்மானித்து, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி கூட மாறாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். நம் பெயரில் தமிழ்நாட்டிலும் பத்துப் பேர் இருப்பார்கள். ஏற்றும்போது புதிய கலைஞர் என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் உங்கள் பாட்டு இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது பாட்டிலிருந்து உங்கள் கலைஞர் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழ். தலைப்பில் பாட்டின் பெயர் மட்டும். "புதிய பாடல்", "வரிகளுடன்" போன்றவை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரம், ஜேபெக். அதில் தொலைபேசி இலக்கம், அனுசரணையாளர் சின்னம், முகநூல் முகவரி எதுவும் இருக்கக்கூடாது. நோட்டீஸ் அடிப்பதுபோல் அட்டை செய்யும் பழக்கம் இங்கே காசாகாது.

ஐஎஸ்ஆர்சி என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய 12 எழுத்து இலக்கம். விநியோக நிறுவனமே இலவசமாகத் தரும். அதைக் கொப்பியில் எழுதிவையுங்கள்; பின்னர் தேவைப்படும்.

யாருக்கு எவ்வளவு, யாருடைய பாட்டு

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கம் உருவானதுமே பதிப்புரிமையும் பிறந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. ஆனால் யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்பதற்கு ஒரு பக்கத் தாள் வேண்டும். வரிகள், மெட்டு, குரல், வாத்தியம், செலவு போட்டவர் என எழுதி, சதவீதம் போட்டு, எல்லோரும் கையொப்பமிட்டு, போனில் படம் எடுத்து குழுவில் போட்டுவிடுங்கள். காசு வருவதற்கு முன் இது ஐந்து நிமிட வேலை.

சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடி விற்க அனுமதி வேண்டும். "கவர்" என்று போட்டால் மட்டும் விலக்குக் கிடைக்காது. வசந்தன் பாட்டு, கூத்துத் தரு, களிகம்புப் பாட்டு, நாட்டார் கவி போன்றவற்றில் மெட்டுக்கு உரிமையாளர் இல்லை. மரபு என்று குறித்து, அண்ணாவியார் பெயரையும் பாடியவர் பெயரையும் போடுங்கள். ஆனால் இப்படிப்பட்ட பாட்டுக்கு யூடியூப் கன்டென்ட் ஐடியை (ஒரே ஒலி உள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் முறை) இயக்கவேண்டாம். அடுத்த ஊர்க்காரர் அதே பாட்டைத் தன் சடங்கில் பாடி ஏற்றினால் அவர்மேல் உரிமைகோரல் போய் விழக்கூடும். இணையத்தில் வாங்கிய லூப், பலருக்கும் விற்ற பீட் உள்ள பாட்டுக்கும் அதே விதி.

நாட்காட்டி

குறைந்தது நான்கு வாரம் முன்பு ஏற்றுங்கள். முதல் வாரம் சரிபார்ப்புக்கும், பெயர்ப்பிழை திருத்தத்துக்கும் போகும். ஸ்பொட்டிஃபை கலைஞர் கணக்கைக் கோரிப் பெற்று, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு அவர்களின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைச் சமர்ப்பித்தால், உங்களைத் தொடர்வோரின் ரிலீஸ் ராடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் அது தானாக வரும். மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பாட்டு விடுவதானால் ஆனித் தொடக்கத்திலேயே கோப்பு போயிருக்கவேண்டும். பொங்கல் பாட்டை டிசம்பர் தொடக்கத்திலேயே ஏற்றுங்கள், மாதக் கடைசியில் விநியோக நிறுவனங்களில் விடுமுறை. பெருநாள் பாட்டைப் பிறை பார்த்து வெளியிட முடியாது. நோன்பின் நடுப்பகுதியில் ஒரு திகதி வையுங்கள்.

நான்கு நிமிட 24 பிட் பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 63 மெகாபைட். பத்துப் பாட்டு என்றால் 630. டேட்டாவைக் கணக்கிட்டு இரவில் ஏற்றுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 தடவை ஓடாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை காசு தருவதில்லை. "பத்தாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம்" என்று காசு கேட்பவர்களிடம் போகவேண்டாம். அவை போலி ஓட்டங்கள். பிடிபட்டால் அபராதம் விநியோக நிறுவனத்துக்குப் போகும், அங்கிருந்து உங்களிடம் வரும், பாட்டும் இறங்கும். புலம்பெயர்ந்த கேட்போர் இருந்தால் பாண்ட்காம்ப் நல்ல வழி: டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் கொடுப்பனவுக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. ஆனால் அது காசு அனுப்புவது பேபால் வழியாக. மேலே சொன்ன சிக்கல் அங்கேயும் உண்டு.

ஊருக்குள் பென்டிரைவ் இன்னும் ஓடுகிறது. 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, பெயரையும் அட்டையையும் கோப்புக்குள்ளேயே பதித்துக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால் தரம் குறையாது.

பிறகு ஒருநாள் விநியோக நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால், புதியதில் அதே வேவ் கோப்பையும், கொப்பியில் எழுதிய அதே ஐஎஸ்ஆர்சியையும், அதே தலைப்பையும் கொடுத்து ஏற்றுங்கள். புதிய பதிவு கடைகளில் தெரிந்த பிறகே பழையதை இறக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் இதுவரை ஓடிய எண்ணிக்கை பெரும்பாலும் தொடரும். அதற்கு அந்த மூல வேவ் கோப்பு உங்களிடம் இருக்கவேண்டும்: ஒரு பிரதி ஹார்ட்டிஸ்க்கில், இன்னொன்று வெள்ளம் ஏறாத வேறொரு வீட்டில்.